நானூற்றொன்று யாருக்கு?

2025 ஜூலை 7. ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரம், குவீன்ஸ் ஸ்போர்ட்ஸ் கிளப் மைதானம். மதிய உணவு இடைவேளைக்குத் தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர்கள் உள்ளே போகிறார்கள். ஸ்கோர் 5 விக்கெட்டுக்கு 626. அதில் வியான் முல்டர் ஒருவர் கணக்கில் மட்டும் 367, இன்னும் அவுட் இல்லை. ஆட்டம் தொடங்கி இது இரண்டாவது நாள்தான். காலையில் 264-இல் மட்டையைப் பிடித்தவர், சாப்பாட்டுக்குள் 103 ரன் சேர்த்துவிட்டார். டெஸ்ட் கிரிக்கெட்டின் உச்சமான பிரையன் லாராவின் 400-ஐத் தாண்ட 34 ரன் பாக்கி. 334 பந்தில் 367 அடித்தவருக்கு அது முப்பது பந்து வேலை. எதிர்முனையில் நின்றவருக்குப் பாதிப் பந்து போயிருந்தாலும் பத்து ஓவரில் கதை முடிந்திருக்கும்.

இடைவேளை முடிந்தது. களத்துக்கு வந்தது முல்டர் அல்ல, ஜிம்பாப்வேயின் தொடக்க ஆட்டக்காரர்கள். தென்னாப்பிரிக்கா டிக்ளேர் செய்துவிட்டது. அப்படிச் செய்த கேப்டன் யாரென்று பார்த்தால், அதுவும் முல்டரேதான்.

வழக்கமான கேப்டன் பவுமா காயம், அவருக்குப் பதில் வந்த கேஷவ் மகாராஜும் காயம் என்று கேப்டன் பொறுப்பு சுற்றிச் சுற்றி முல்டரிடம் வந்து சேர்ந்திருந்தது. கேப்டனாக அவருக்கு அதுவே முதல் டெஸ்ட். லாரா ஒரு ஜாம்பவான், அந்தச் சாதனை அவரிடமே இருப்பதுதான் முறை என்று ஆட்டம் முடிந்ததும் முல்டர் சொன்னார். மிகப்பெரிய ஸ்கோர்களை ஜாம்பவான்களுக்கே விட்டுவிடலாம் என்று பயிற்சியாளர் ஷுக்ரி கான்ராடும் அவரிடம் சொல்லியிருக்கிறார். கிறிஸ் கெயிலுக்கு இது பிடிக்கவில்லை; இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு முறை வாய்க்காது என்று கடிந்துகொண்டார். பிறகு லாராவே முல்டரிடம் பேசியபோது, நீ அடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்றாராம். உடைமைக்காரரே 'எடுத்துக்கொள்' என்கிறார், எடுக்க வந்தவர் 'வேண்டாம்' என்று திரும்பிப் போகிறார். கிரிக்கெட்டில் இப்படியும் நடக்கும்.

முல்டரின் பணிவைப் பாராட்டியும் திட்டியும் அந்த வாரம் முழுக்க எழுதினார்கள். எனக்குப் பட்டது வேறு. ஒருவர் 400-ஐத் தாண்ட வேண்டுமென்றால் திறமை வேண்டும், உடம்பு வேண்டும், செத்த பிட்ச் வேண்டும், இரண்டு கேட்சாவது கீழே விழ வேண்டும். அத்தனையும் அமைந்த பிறகும் ஒரு கதவு பூட்டியே இருக்கிறது. அதன் சாவி பெவிலியனில் இருக்கிறது.

பழைய கணக்கைப் பார்ப்போம். 1930-இல் லீட்ஸில் பிராட்மேன் 334. மூன்று ஆண்டில் ஆக்லாந்தில் ஹாமண்ட் 336. 1938-இல் ஓவலில் லென் ஹட்டன் 364. அடுத்து இருபது ஆண்டு கழித்து, 1958-இல் கிங்ஸ்டனில் 21 வயது கேரி சோபர்ஸ் 365. அதற்குமுன் டெஸ்டில் ஒரு சதம்கூட அடிக்காத பையன் அவர்! பிறகு 36 ஆண்டு அமைதி. 1994-இல் ஆன்டிகுவாவில் லாரா 375 அடித்தபோது சோபர்ஸே களத்துக்குள் நடந்து வந்து அணைத்துக்கொண்டார். 2003 அக்டோபரில் பெர்த்தில் மேத்யூ ஹேடன் 380. ஆறே மாதத்தில், 2004 ஏப்ரலில், லாரா அதே ஆன்டிகுவா மைதானத்தில் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். இந்தச் சாதனையை இரண்டு முறை முறியடித்தவர் அவர் ஒருவர்தான்.

இதில் ஹட்டனின் 364 தனி ரகம். ஓவலில் அன்று நடந்தது கால வரம்பே இல்லாத டெஸ்ட். முடிவு தெரியும்வரை ஆடலாம் என்றால் டிக்ளேர் செய்ய என்ன அவசரம்? ஹட்டன் 13 மணி 17 நிமிடம் நின்றார், 847 பந்து ஆடினார். இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 903 எடுத்த பிறகுதான் போதும் என்றது. கேப்டனுக்குக் கடிகாரம் இல்லாவிட்டால் ஆட்டக்காரருக்குக் கூரையும் இல்லை.

கடிகாரம் வந்ததும் கதை மாறிவிட்டது. 1998-இல் பெஷாவரில் ஆஸ்திரேலியக் கேப்டன் மார்க் டெய்லர் இரண்டாம் நாள் முடிவில் 334. பிராட்மேனின் அதே எண். மறுநாள் காலை ஒரு ரன் எடுத்திருந்தால் ஆஸ்திரேலியர்களில் முதலிடம். அவரோ டிக்ளேர் செய்துவிட்டார். 2012 ஜனவரியில் சிட்னியில் நம் பந்துவீச்சாளர்களை அடித்து நொறுக்கி 329-இல் நின்ற மைக்கேல் கிளார்க் தானே டிக்ளேர் செய்தார். அதே ஆண்டு ஓவலில் ஹாஷிம் ஆம்லா 311-இல் நிற்கும்போது தென்னாப்பிரிக்கா டிக்ளேர். 2019-இல் அடிலெய்டில் டேவிட் வார்னர் 335-இல் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தபோது டிம் பெய்ன் கூப்பிட்டுக்கொண்டார். அதே ஆண்டு புனேயில் விராட் கோலி 254-இல், தன் வாழ்நாளின் உச்ச ஸ்கோரில் நின்றுகொண்டு, தன்னையே திரும்ப அழைத்துக்கொண்டார். இவை எல்லாவற்றிலும் ஆட்டக்காரரைப் பந்துவீச்சாளர் யாரும் வீழ்த்தவில்லை.

இந்த வரிசைக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார். பாவுசாகேப் நிம்பால்கர். 1948 டிசம்பர், புனே, ரஞ்சிக் கோப்பை. மகாராஷ்டிரத்துக்காக கத்தியவார் அணிக்கு எதிராக அவர் 443. முதல்தரக் கிரிக்கெட்டில் அன்றைய உலகச் சாதனை பிராட்மேனின் 452. இன்னும் பத்து ரன் எடுத்தால் தாண்டிவிடலாம். மூன்றாம் நாள் உணவு இடைவேளை. கத்தியவார் கேப்டனாக இருந்த ராஜ்கோட் தாகூர் சாகேப், நீங்கள் டிக்ளேர் செய்யாவிட்டால் நாங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி, அப்படியே அணியைக் கூட்டிக்கொண்டு போயும்விட்டார். நிம்பால்கரை அவருடைய கேப்டன் தடுக்கவில்லை, எதிரணிக் கேப்டன் தடுத்தார். நிம்பால்கருக்கு அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த 443 இன்றும் ரஞ்சியின் உச்சம். 2023-இல் குவாஹாட்டியில் பிருத்வி ஷா 379 வரை போனார், ரியான் பராக் எல்பிடபிள்யூ ஆக்கினார்.

லாராவுக்கு மட்டும் கதவு எப்படித் திறந்தது? 2004 ஆன்டிகுவாவை அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்தத் தொடரில் மேற்கிந்தியத் தீவுகள் அடி வாங்கிக் கிடந்தது. கிங்ஸ்டனில் இங்கிலாந்தின் ஹார்மிசன் 12 ரன்னுக்கு 7 விக்கெட் எடுக்க, அணி 47 ரன்னில் சுருண்டது. முதல் மூன்று டெஸ்டும் இங்கிலாந்துக்கு. 1968-க்குப் பிறகு அந்த மண்ணில் இங்கிலாந்து தொடரை வென்றது அப்போதுதான். கேப்டன் லாரா ஆறு இன்னிங்ஸில் சேர்த்தது 100 ரன். நான்காவது டெஸ்டிலும் தோற்றால் சொந்த மண்ணில் முழுத் தோல்வி. வெல்வதைவிடத் தோற்காமல் இருப்பதே போதும் என்ற நிலை. பிட்ச்சோ சிமெண்ட் தரை. ரன் எடுக்கும் முன்பே ஹார்மிசன் பந்தில் கீப்பர் கேட்ச் என்று இங்கிலாந்து வீரர்கள் கத்தினார்கள், நடுவர் தலையாட்டவில்லை. மறுபரிசீலனை வசதி வராத காலம் அது. பிறகு 582 பந்து, 778 நிமிடம், 43 பவுண்டரி, 4 சிக்ஸர். மூன்றாம் நாள் கரீத் பேட்டி பந்தைத் தூக்கி அடித்து ஹேடனின் 380-ஐத் தொட்டார், அடுத்த பந்தே பவுண்டரி. அதே பேட்டியை ஸ்வீப் செய்து நானூறாவது ரன். எதிர்முனையில் ரிட்லி ஜேக்கப்ஸ் தன் பாட்டுக்கு ஒரு சதம் அடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். பாவம், அந்தச் சதத்தை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

202 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 751, டிக்ளேர். இங்கிலாந்து 285-க்கு ஆட்டமிழந்து, ஃபாலோ ஆன் பெற்று, 5 விக்கெட்டுக்கு 422 எடுத்தது. ஆட்டம் டிரா. வெல்ல நேரம் போதவில்லை; ஒருவருடைய தனிச் சாதனைக்காக அணி ஆடியது என்று ரிக்கி பாண்டிங் குத்திக் காட்டினார். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. நியாயம் இருப்பதால்தான் 400 இருக்கிறது. டிக்ளேர் செய்யும் உரிமையும் ஆடும் மட்டையும் ஒரே ஆளிடம் இருந்தன. தொடர் ஏற்கெனவே போய்விட்டது. டிரா ஆனால் யாரும் அழப்போவதில்லை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் அந்த எண் பிறந்தது.

அதற்குப் பிறகு முல்டருக்கு முன் மிக அருகில் வந்தவரும் ஒரு கேப்டனே. 2006 ஜூலை, கொழும்பு எஸ்எஸ்சி மைதானம். மஹேல ஜெயவர்தனவும் சங்கக்காரவும் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 624 ரன் கூட்டணி போட்டார்கள். சங்கக்கார 287-இல் போனார். மஹேல 374. டிக்ளேர் செய்யும் அவசரம் அவருக்கு இல்லை, நாளும் இருந்தது. ஆண்ட்ரே நெல் வீசிய ஒரு பந்து எழும்பவில்லை. தாழ்ந்து வந்து ஸ்டம்பைத் தட்டிவிட்டது. கதவு திறந்தே இருந்தும் வாசலில் தடுக்கி விழுந்தவர் அவர் ஒருவரே.

இனி இன்றைய நிலவரம். டெஸ்டில் முல்டர் வரை 33 முச்சதங்கள். ஹேடனின் 380-இலிருந்து 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் கருண் நாயர் அடித்த 303 வரை எண்ணினால் 14. ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கு. அதன்பின் முல்டர் வரை வார்னர், ஹாரி ப்ரூக், முல்டர் என்று மூன்றே மூன்று. மட்டையாளர்கள் மெதுவாகிவிட்டார்களா? இல்லை, வேகம் கூடியிருக்கிறது. லாரா நூறு பந்துக்கு 69 ரன் என்ற கணக்கில் அடித்தார். ப்ரூக் 2024 அக்டோபரில் முல்தானில் 322 பந்தில் 317. முல்டர் அதைவிட வேகம். ஒரு நாளுக்கு 90 ஓவர், அதில் பாதிப் பந்து என்று வைத்தால் 270. பந்துக்கு ஒரு ரன் அடிக்கிறவருக்கு 400 என்பது ஒன்றரை நாள் ஆட்டம். இவ்வளவு எளிதாக அந்த எண் ஒருபோதும் இருந்ததில்லை.

தடை வேறெங்கோ இருக்கிறது. 2019-இல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் தொடங்கியது. இப்போதைய முறைப்படி வென்றால் 12 புள்ளி, டிராவுக்கு 4. இந்தக் கணக்கில் லாராவின் ஆன்டிகுவா ஆட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கும். புள்ளி வேண்டுமென்றால் இருபது விக்கெட் வேண்டும். சொந்த மண்ணில் முடிவு தரும் பிட்ச் போடுகிறார்கள். பந்து திரும்பும், அல்லது சீறும். இரண்டிலும் எவரும் 600 பந்து நிற்பதில்லை. அபூர்வமாகச் செத்த பிட்ச் ஒன்று கிடைத்தாலும் வேகமாக 600 சேர்த்துவிட்டு எதிரணியை உள்ளே இழுக்கவே கேப்டன் நினைப்பார். 750 எவருக்குத் தேவை?

சேப்பாக்கத்தில் கருண் நாயருக்கு நடந்ததும் அதுதான். நான்காம் நாள் மாலை, முந்நூறைத் தொட்டதும் கோலி டிக்ளேர் செய்துவிட்டார். ஸ்கோர் 7 விக்கெட்டுக்கு 759. மறுநாள் ஜடேஜா 7 விக்கெட் எடுத்து இங்கிலாந்தைச் சுருட்டினார். இன்னும் ஒரு மணி நேரம் நாயரை ஆடவிட்டிருந்தால் வெற்றி கை நழுவியிருக்கலாம். கோலி செய்தது சரி. அடுத்த டெஸ்டில் ரஹானே திரும்பியதும் நாயருக்கு இடமில்லை என்றார்களே, அது சரியா என்பது வேறு வழக்கு. இந்தியாவின் மூன்று முச்சதங்களில் இரண்டு சேப்பாக்கத்தில் பிறந்தவை. அங்கே பிறந்த இன்னொன்று 2008-இல் சேவாக் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அடித்த 319. மூன்றாம் நாள் 52-இல் தொடங்கி மாலையில் 309-இல் நின்றார், ஒரே நாளில் 257 ரன். மறுநாள் காலை பத்து ரன் சேர்த்து ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்துவிட்டார். 400-ஐத் தாண்டும் ஆற்றலில் லாராவுக்கு அடுத்து நான் வைப்பது சேவாக்கைத்தான். அவருக்கு அந்த எண்ணில் ஆசை இருந்ததா என்பதுதான் சந்தேகம்.

புள்ளிக் கணக்கு இல்லாத டெஸ்டுகள் சில இன்னும் உண்டு. ஜிம்பாப்வேயுடன் ஆடும் டெஸ்டுகள் அந்தச் சாம்பியன்ஷிப்பில் சேராதவை. முல்டரின் ஆட்டம் அப்படிப்பட்டது. ஹேடனின் 380-உம் ஜிம்பாப்வேக்கு எதிராகவே வந்தது. புலவாயோ பிட்ச்சின் ஜாதகமும் தெரிந்ததே. 2024 டிசம்பரில் அதே மைதானத்தில் ஆப்கானிஸ்தான் 699 குவித்தது. ஹஷ்மத்துல்லா ஷாகிதி 246, ரஹ்மத் ஷா 234. எதிர்த்து ஆடிய ஜிம்பாப்வேயும் லேசுப்பட்டதல்ல, 586. அடுத்த நானூறு எங்கே என்று கேட்டால் நான் விரல் வைக்கும் இடம் இந்த ஊர். இங்கிலாந்து 2025 மே மாதம் ஜிம்பாப்வேயைத் தன் ஊருக்கே அழைத்து ஆடியது. கிராலி, டக்கெட், போப் மூவரும் சதம். ஆனால் அது நான்கு நாள் டெஸ்ட், 6 விக்கெட்டுக்கு 565-இல் டிக்ளேர். ஐந்தாம் நாளை வெட்டினால் நானூறையும் சேர்த்து வெட்டியதாகத்தான் அர்த்தம்.

ஆள் யார்? லாராவிடம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பெயர்கள்: ஷுப்மன் கில், யஷஸ்வி ஜெய்ஸ்வால், ஹாரி ப்ரூக், ஜாக் கிராலி. கிராலி 2020-இல் பாகிஸ்தானுக்கு எதிராக 267 எடுத்தவர்தான். அதுபோல் ஒன்று மறுபடி வருமென்று நான் காத்திருக்க மாட்டேன். ப்ரூக்கிடம் எல்லாம் உண்டு. முல்தானில் ரூட்டோடு சேர்ந்து 454 ரன் கூட்டணி போட்டபோது அவர் மட்டையைத் தடுக்க பாகிஸ்தானிடம் எதுவும் இருக்கவில்லை. 317-இல் பகுதிநேரச் சுழலர் சைம் அயூபை இழுத்து அடிக்கப்போய் அவுட். இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 823 எடுத்து டிக்ளேர் செய்து, இன்னிங்ஸ் வெற்றியும் கண்டது. அவர் அணியின் ஆட்ட முறையே வேகம். சாதனைக்காக ஒரு செஷன் அதிகம் என்று அந்த ஓய்வறையில் கேட்க நா எழாது. தவிர அவர் இறங்குவது ஐந்தாவதாக. அதற்குள் பாதி நாள் போய்விடும்.

கில்லிடம் பொறுமை இருக்கிறது. 2025 ஜூலையில் பர்மிங்காமில் 387 பந்தில் 269. இந்தியக் கேப்டன் ஒருவரின் அதிகபட்சம் அது. அடுத்த இன்னிங்ஸிலும் 161. கேப்டன் என்பதால் சாவியும் அவரிடமே. ஆனால் அவர் இறங்குவது நான்காவதாக. அணியின் கணக்கைத் தன் கணக்குக்கு முன் வைக்கும் பழக்கமும் அவருக்கு உண்டு.

என் பந்தயம் ஜெய்ஸ்வால் மேல். தொடக்க ஆட்டக்காரர் என்பதால் முதல் பந்திலிருந்து நேரம் அவருடையது. முதல் ஏழு டெஸ்ட் சதங்களில் ஐந்து 150-ஐத் தாண்டியவை. நூறு அடித்ததும் திருப்திப்படுகிற ஆள் இல்லை. 2024-இல் விசாகப்பட்டினத்தில் 209, அடுத்த டெஸ்டில் ராஜ்கோட்டில் 214. ராஜ்கோட்டில் 236 பந்துதான் ஆடினார், 12 சிக்ஸர். ஒரு டெஸ்ட் இன்னிங்ஸில் அதிக சிக்ஸர் என்ற வாசிம் அக்ரமின் சாதனையை அதில் சமன் செய்தார். அப்போதும் அவர் அவுட் ஆகவில்லை, ரோகித் சர்மா டிக்ளேர் செய்தார்.

இருபது ஓவர் ஆட்டத்தை நம்பிப் பிழைக்கும் தலைமுறையால் இரண்டு நாள் நிற்க முடியுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நின்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். நம் நா. ஜெகதீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் பெங்களூரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிரான ஐம்பது ஓவர் ஆட்டத்தில் 141 பந்தில் 277. முதல்நிலை ஒருநாள் கிரிக்கெட்டில் உலகின் எந்த மட்டையாளரும் தொடாத உயரம். சர்வதேச ஒருநாள் ஆட்டத்தில் ரோகித் 2014-இல் ஈடன் கார்டனில் அடித்த 264-ஐயும் தாண்டியது. அதே ஜெகதீசன் 2024 ஜனவரியில் கோவையில் சண்டிகருக்கு எதிராக ரஞ்சியில் 321 அடித்தார். இரண்டு வகை ஆட்டமும் ஒரே மட்டையில் இருக்க முடியும்.

லாராவின் இன்னொரு எண், 1994-இல் வார்விக்‌ஷயருக்காக டர்ஹாம் அணிக்கு எதிராக அடித்த 501, இதைவிடப் பத்திரமானது என்றே நினைக்கிறேன். மழையால் ஒரு நாள் பாழாகி, முடிவுக்கு வழியில்லாமல் போன ஆட்டம் அது. கேப்டன் டெர்மட் ரீவ் பேசாமல் ஆடவிட்டார். 12-இல் போல்டு ஆகியும் நோபால் காப்பாற்றியது, 18-இல் கீப்பர் கேட்சை விட்டார். 2022-இல் கிளாமர்கனின் சாம் நார்த்ஈஸ்ட் 410 வரை போனார். கடைசி நாள் உணவு இடைவேளையில் அவர் அணியும் டிக்ளேர் செய்தது, வெற்றிக்காக. வென்றும் விட்டது.

ஜெய்ஸ்வாலுக்கு வருவோம். 2025 அக்டோபர், டெல்லி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட். பிட்ச் தட்டை, பந்துவீச்சு சுமார். முதல் நாள் மாலையில் அவர் 173. லாராவின் பெயர் அன்று இரவே பேச்சில் அடிபடத் தொடங்கிவிட்டது. மறுநாள் காலை இரண்டு ரன் சேர்த்தவர் மிட் ஆஃப் பக்கம் தட்டிவிட்டு ஓடினார். எதிர்முனையில் கில் வரவில்லை, திருப்பி அனுப்பினார். 175, ரன் அவுட். கில் 129-இல் நிற்கும்போது 5 விக்கெட்டுக்கு 518 என்று டிக்ளேர் செய்தார். ஆட்டத்தில் அப்போது மூன்று நாளுக்கு மேல் மீதி இருந்தது.